ஃபயர்ஃபாக்ஸுக்குள் நடந்த வகுப்பு: செனெக்கா கல்லூரியின் திறமூலப் பாடம்

கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள செனெக்கா கல்லூரி 2005-ல், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லாவோடு சேர்ந்து ஒரு பாடத்தைத் தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் ஒரு திறமூல மென்பொருள், அதாவது அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். மாணவர்கள் அந்த மூலநிரலுக்குள் இறங்கி வேலை செய்ய வேண்டும். எழுதுவதை மொஸில்லாவின் நிரலாளர்கள் பார்ப்பார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால், உலகத்தில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருக்கும் எல்லாருடைய கணினிக்கும் அது போய்ச் சேரும். ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்ததே 2004 நவம்பரில்தான். பல லட்சம் வரிகள் கொண்ட அந்த மூலநிரலில், முழுநேர ஊழியர்களே தங்கள் பகுதியைத் தாண்டினால் வழி கேட்டுத்தான் நடப்பார்கள். அங்கே கல்லூரி மாணவர்களை இறக்கிவிடலாம் என்று துணிந்தவர் டேவிட் ஹம்ஃப்ரி என்ற ஆசிரியர்.

செனெக்கா பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் இல்லை. வேலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வந்து சேரும் தொழிற்கல்விக் கல்லூரி. டிப்ளமா மாணவர்களும் பட்டப்படிப்பு மாணவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து படித்தார்கள். எம்.ஐ.டி. மாதிரி ஓர் இடத்தில் நடந்திருந்தால், "அங்கே படிப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்" என்று சொல்லி நாம் கடந்துவிடலாம். இங்கே அப்படிச் சொல்ல வழியில்லை. இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுக்க எனக்கு அது ஒரு காரணம்.

மாணவர்களை "நிஜமான புராஜெக்ட்" ஒன்றில் சேர்த்துவிட்டால் அவர்கள் தாமாகக் கற்றுக்கொள்வார்கள் என்று பலர் நம்புகிறார்கள். செனெக்காவில் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் அது பாதி உண்மை என்றுதான் தெரிகிறது. மீதிப் பாதி ஆசிரியரிடம் இருக்கிறது. அந்த மென்பொருளைச் சேர்ந்து உருவாக்குபவர்களின் சமூகத்துக்குள் அவர் முதலில் போயிருக்கிறாரா, அங்கே அவரை நாலு பேருக்குத் தெரியுமா, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கே இருக்கிறதா என்பதெல்லாம்தான் விஷயத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு டேப்பைத் தேடிப் போவது

இந்தப் பாடத்தில் ஹம்ஃப்ரி பயன்படுத்திய பயிற்சி ஒன்று மிக எளிமையானது. அந்தக் காலத்து ஃபயர்ஃபாக்ஸில் புதிய டேப் திறந்தால், அது வரிசையின் கடைசியில் போய் உட்காரும். இருபது டேப் திறந்து வைத்திருப்பவர் அதைத் தேடிப் போக வேண்டும். புதிய டேப் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் டேப்புக்குப் பக்கத்திலேயே திறக்க வேண்டும். அதற்கு ஒரு நீட்சி (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்) எழுதுங்கள். இவ்வளவுதான் கேள்வி.

விடையில் எழுத வேண்டிய நிரல் சில வரிகள்தான். ஆனால் அந்தச் சில வரிகளை எங்கே வைப்பது? மாணவரிடம் இருப்பது, மொஸில்லாவின் மூலநிரல் முழுவதையும் இணையத்திலேயே தேடிப் பார்க்க உதவும் ஒரு கருவி மட்டுமே. முதலில் மெனுவில் இருக்கும் "நியூ டேப்" என்ற சொல்லைத் தேடுகிறார். மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றில் அது கிடைக்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு அடையாளப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைத் தேடினால், மெனுவை வரையும் கோப்பு வருகிறது. அதில் அந்த மெனு வரி ஒரு கட்டளையைச் சுட்டுகிறது. கட்டளையைப் பிடித்துப் போனால் பிரவுசர்ஓப்பன்டேப் என்ற ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு). அது இன்னொன்றை அழைக்கிறது, அது மற்றொன்றை. கடைசியில் ஆட்டேப் என்ற ஃபங்ஷனில் போய் நிற்கிறது. புதிய டேப்பை வரிசையின் முடிவில் சேர்க்கும் வரி அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே டேப்பை இடம் மாற்றும் ஃபங்ஷனும் இருக்கிறது. யாரோ ஏற்கெனவே எழுதி வைத்தது. அதை அழைத்தால் போதும், வேலை முடிந்தது.

இதில் மாணவர் கற்றுக்கொள்வது ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி மட்டுமில்லை. தனக்குப் புரியாத பெரிய நிரல் ஒன்றில், கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம், முழுவதும் புரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்றில்லை என்பதைக் கற்றுக்கொள்கிறார். நம் பாடத்திட்டங்களில் மாணவர் எழுதும் நிரல் எல்லாம் காலியான கோப்பிலிருந்து தொடங்குகிறது. வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து அவர் தொடுவது எல்லாம் வேறு யாரோ எழுதிய நிரல். பிறர் நிரலைப் படிக்கக் கற்றுத்தரும் பாடம் நான்கு வருடத்தில் ஒன்றுகூட இல்லாமல் போவது எனக்குப் பெரிய குறையாகவே தெரிகிறது.

புதிய டேப்பை எங்கே வைப்பது என்பது வகுப்புக்காகச் செய்த பொம்மைக் கேள்வியும் இல்லை. 2010 ஜனவரியில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.6-ல், ஒரு பக்கத்திலிருக்கும் இணைப்பைப் புதிய டேப்பில் திறந்தால் அது பக்கத்திலேயே திறக்கும்படி மொஸில்லாவே மாற்றிவிட்டது.

பாடம் எப்படி ஓடியது

பாடம் இரண்டு செமஸ்டராக இருந்தது. முதல் செமஸ்டரில் மூலநிரலைக் கொண்டு உலாவியைத் தம் கணினியிலேயே கட்டியெழுப்புவது, வழுப் பட்டியலை (நிரலில் கண்ட பிழைகளின் பட்டியலை) படிப்பது, பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) தயாரிப்பது. இந்தக் கட்டியெழுப்புதலே ஒரு கண்டம். அன்றைய மடிக்கணினியில் அது மணிக்கணக்கில் ஓடும். பாதியில் ஏதோ ஒரு துணை நிரல் நூலகம் இல்லை என்று நின்றுவிடும். அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். திட்டங்களை ஆசிரியர் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. மொஸில்லாவின் நிரலாளர்கள் தமக்குத் தேவையாக இருந்தும் நேரமில்லாமல் தள்ளிப்போட்ட வேலைகளைச் சொன்னார்கள். அவை பொது விக்கி ஒன்றில் பட்டியலாக இருந்தன. ஆகவே மாணவர் முடிக்கும் வேலைக்காகக் கல்லூரிக்கு வெளியே ஒருவர் உண்மையிலேயே காத்திருந்தார்.

மதிப்பீடு வெளியீட்டு எண்களைச் சுற்றி அமைந்தது. 0.1, 0.2, 0.3 என்று முதல் செமஸ்டரில் படிப்படியாக வெளியிட வேண்டும். தொடர்ந்து படிப்பவர்கள் அடுத்த செமஸ்டரில் 1.0, அதாவது முழுமையான முதல் வெளியீட்டை, நோக்கிப் போவார்கள். 0.1 என்பது அரைகுறையாக இருக்கலாம், ஆனால் வெளியே வந்தாக வேண்டும். நல்ல மாணவர்களுக்குத்தான் இது கஷ்டம். எல்லாம் சரியாக வந்த பிறகே ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்று பள்ளியிலிருந்தே பழக்கியிருக்கிறோம். திறமூல உலகில் அப்படிப் பதுக்கி வைத்தவருக்கு யாரும் உதவ முடியாது.

இன்னொரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. சக மாணவரின் திட்டத்துக்குப் பங்களித்தால் அதற்கும் மார்க் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வேறு இயங்குதளத்தில் ஓட்டிப் பார்த்து வழு சொல்லலாம், ஆவணம் எழுதலாம், சோதனை எழுதலாம். நம் வகுப்புகளில் காப்பி என்று பெயர் வாங்கும் நெருக்கம், இங்கே யார் என்ன செய்தார் என்று பெயரோடு பதிவாகிப் பாடத்தின் பகுதியாகிவிட்டது.

பேச்செல்லாம் பொதுவெளியில். மொஸில்லாவின் ஐ.ஆர்.சி. அரட்டையில் செனெக்காவுக்கு ஓர் அறை இருந்தது. மாணவர்கள் என்ன முயன்றார்கள், எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று வலைப்பதிவு எழுதினார்கள். எல்லாப் பதிவுகளும் ஒரே இடத்தில் திரட்டப்பட்டன. மாணவர் ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்ட கேள்விக்கு வேறு கண்டத்திலிருந்து பதில் வரலாம். பதில் வரும்படி கேள்வி கேட்பது எப்படி என்பதும் பாடம்தான். "வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எதையெல்லாம் பார்த்துவிட்டேன் என்று எழுதினால் ஐந்து நிமிடத்தில் யாராவது வந்துவிடுவார்கள்.

பேட்ச் திரும்பி வரும்போது

அன்றைக்கு மாணவர் தன் பேட்ச்சை மொஸில்லாவின் வழுப் பதிவேடான பக்ஸில்லாவில் ஏற்றி, அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவரிடம் ரிவ்யூ (நிரல் பரிசீலனை) கேட்க வேண்டியிருந்தது. அவர் ஏற்றுக்கொண்டு பிளஸ் போடலாம், திருப்பி அனுப்பி மைனஸ் போடலாம். முதல் முறையே பிளஸ் கிடைப்பது அபூர்வம். "இந்த மாறியின் பெயர் நம் வழக்கப்படி இல்லை", "இந்த நினைவகத்தை யார் விடுவிப்பார்கள்?", "பயனர் அந்த நேரத்தில் சன்னலை மூடிவிட்டால் என்ன ஆகும்?", "சோதனை எங்கே?" என்கிற ரகத்தில் குறிப்புகள் வரும். திருத்தி ஏற்றினால் இன்னொரு சுற்று. அது முடிந்து நிரல் உள்ளே போன பிறகும், தானியங்கிச் சோதனைகளில் ஏதாவது ஒன்று தோற்றுச் சிவப்பாகிவிட்டால் பேட்ச்சைத் தூக்கிவிடுவார்கள்.

நான் இந்தப் பாடத்தின் இதயமாகப் பார்ப்பது இதைத்தான். கல்லூரியில் ஒரு அசைன்மென்ட்டுக்கு பத்துக்கு ஏழு போட்டால் கதை முடிந்தது. மீதி மூன்று மார்க் எங்கே போனது என்று யாரும் திருப்பிச் செய்து பார்ப்பதில்லை. ரிவ்யூவில் ஏழு மார்க் என்று ஒன்று கிடையாது. சரியாகும் வரை வேலை தொடரும். அதே சமயம் மைனஸ் போட்டவர் மாணவரின் எதிரியும் இல்லை. அந்த நிரல் உள்ளே வந்தால் நாளைக்கு அதைக் கட்டிக் காப்பவர் அவர்தான். அவர் தன் நேரத்தைச் செலவழித்து இருபது குறிப்பு எழுதுகிறார் என்றால், இந்த வேலையை மதிக்கிறார் என்று அர்த்தம். இதைப் புரியவைக்கத்தான் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் மைனஸ் வாங்கிய மாணவர் பெரும்பாலும் அதோடு ஒதுங்கிவிடப் பார்ப்பார். தன் பேட்ச்சும் அப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று காட்டக்கூடிய ஆசிரியரால் மட்டுமே அவரை நிறுத்திவைக்க முடியும்.

இரண்டு திட்டங்கள்

தொடக்க காலத்து மாணவர் ஒருவர் எடுத்துக்கொண்டது ஏபிஎன்ஜி என்ற அசையும் பட வடிவம். இணையத்தில் அசையும் படம் என்றால் அன்றைக்கு ஜிஃப் மட்டும்தான். ஒரு சட்டகத்துக்கு 256 நிறங்கள், அரைகுறை ஒளிபுகும் தன்மைக்கு வழியில்லை. மொஸில்லாவின் இரண்டு நிரலாளர்கள் 2004-ல் பிஎன்ஜி என்ற பட வடிவத்தையே அசையும்படி விரிவாக்கலாம் என்று முன்மொழிந்திருந்தார்கள். அதை உலாவிக்குள் நிரலாகக் கொண்டுவரும் வேலை செனெக்கா மாணவரிடம் வந்தது. பிஎன்ஜி வடிவத்தைப் பராமரித்த குழு 2007-ல் வாக்கெடுப்பில் இந்த விரிவாக்கத்தை நிராகரித்தது. ஆனாலும் மொஸில்லா பின்வாங்கவில்லை. 2008 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3 இந்த வசதியோடு வெளிவந்தது. பல வருடம் கழித்து சஃபாரி சேர்த்துக்கொண்டது, 2017-ல் குரோம். 2025-ல் உலகளாவிய வலைச் சங்கம் வெளியிட்ட பிஎன்ஜி மூன்றாம் பதிப்பில் அது தரநிலையாகவே இடம்பெற்றுவிட்டது. தொழில்நுட்பத்தில் நல்லது என்பது ஒரு விஷயம், அதைப் பத்துப் பேரை ஒப்புக்கொள்ள வைப்பது வேறு விஷயம் என்பதை ஒரு மாணவர் இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்க எந்த வகுப்பறையும் வழி செய்யாது.

இரண்டாவது, பாயின்டர் லாக். உலாவியில் முப்பரிமாண விளையாட்டு ஆடும்போது, தலையைத் திருப்ப மவுஸை நகர்த்திக்கொண்டே போனால் சுட்டி திரையின் ஓரத்தில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் திரும்ப முடியாது. சுட்டியை மறைத்து, ஒரே இடத்தில் பூட்டி, மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கை மட்டும் விளையாட்டுக்குத் தர வேண்டும். 2011-ல் ஹம்ஃப்ரியின் வகுப்பு இதைக் கையில் எடுத்தது. ஒரு மாணவரின் திட்டமாக இல்லாமல், வகுப்பே சேர்ந்து செய்த வேலை.

கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் கெட்ட எண்ணமுள்ள ஒரு வலைப்பக்கம் சுட்டியைப் பூட்டிவிட்டு விடாமல் வைத்துக்கொண்டால்? பயனர் எப்படி வெளியே வருவார்? பூட்டியிருக்கும்போது வேறு டேப்புக்குப் போனால்? பூட்டப்பட்ட உறுப்பையே பக்கம் அழித்துவிட்டால்? பாதுகாப்புக்காக, முதலில் வந்த வடிவம் முழுத்திரையில் இருக்கும்போது மட்டும் வேலை செய்தது. எஸ்கேப் விசையை அழுத்தினால் சுட்டி திரும்பிவிடும். இதற்கிடையில், இந்த வசதி எல்லா உலாவிகளிலும் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் தரநிலை ஆவணமே இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. கூகுளைச் சேர்ந்த ஒருவர் அதைத் தொகுத்துக்கொண்டிருந்தார். குரோமிலும் இதே வசதி உருவாகிக்கொண்டிருந்தது. இன்றைக்கு எழுதிய நிரல் நாளைக்கு ஆவணம் மாறினால் மாற வேண்டும். வசதி 2012 ஜூலையில், ஃபயர்ஃபாக்ஸ் 14-ல் வெளிவந்தது. வேலையைத் தொடங்கிய செமஸ்டர் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது.

செமஸ்டர் ஒரு கணக்கு, சமூகம் ஒரு கணக்கு

இந்த முறையின் பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கல்லூரிக்குப் பதினான்கு வாரம். மொஸில்லாவுக்கு வெளியீட்டு அட்டவணை. ரிவ்யூ செய்ய வேண்டியவர் விடுமுறையில் போயிருக்கலாம். வெளியீடு நெருங்கும்போது புதிய பேட்ச் எதையும் உள்ளே விட மாட்டார்கள். மாணவர் தன் பங்கை நூறு சதவீதம் முடித்திருந்தும் நிரல் உள்ளே போகாமல் இருக்கலாம். "உள்ளே போனால்தான் மார்க்" என்று விதி வைத்தால் அது அநியாயம். "பேட்ச் ஏற்றினாலே மார்க்" என்றால், கடைசி ராத்திரி எதையாவது ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். வெளியீட்டு எண், பதிவுகள், ரிவ்யூவுக்கு மாணவர் பதில் சொன்ன விதம் என்று வேலையின் தடத்தைப் பார்த்து மார்க் போடுவதுதான் இதற்கு நடைமுறையில் உதவும் வழி. அதற்கு ஆசிரியர் ஒவ்வொருவருடைய உரையாடலையும் உட்கார்ந்து படிக்க வேண்டும். அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒரு ஆசிரியரால் இது முடியாது. இதை மூடி மறைப்பதில் பயனில்லை.

இரண்டாவது சிக்கல் சமூகத்தின் பக்கம். செமஸ்டர் முடிந்ததும் பல மாணவர்கள் போய்விடுவார்கள். பாதியில் நின்ற பேட்ச், பதில் வராத ரிவ்யூ எல்லாம் அங்கேயே கிடக்கும். ஒரு புதியவருக்கு உதவ நிரலாளர் செலவழித்த நேரத்தில் அவரே அந்த வேலையை முடித்திருக்கலாம். இரண்டு செமஸ்டர் வைத்ததன் நியாயம் இதில் விளங்கும்: முதல் செமஸ்டரில் மாணவர் சமூகத்திடமிருந்து வாங்குகிறார், திருப்பிக் கொடுக்கத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

கல்லூரியிலேயே ஓர் ஆராய்ச்சி மையமும் இயங்கியதால், படிப்பு முடிந்தும் சிலர் அங்கே சம்பளத்துக்கு வேலையைத் தொடர முடிந்தது. ஜான் ரெசிக் என்ற நிரலாளர் 2008-ல் வெளியிட்ட, வலைப்பக்கத்தில் படம் வரைய உதவும் பிராசஸிங்.ஜேஎஸ் என்ற நிரல் நூலகத்தை முழுமையாக்கி 1.0 வரை கொண்டுபோனதில் அந்த மையத்துக்குப் பெரும் பங்கு. கிறிஸ் டைலர் என்ற இன்னொரு ஆசிரியர் இதே முறையை ஃபெடோரா லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தின் சமூகத்தில் நடத்தினார். 2012 பிப்ரவரியில் ராஸ்பெர்ரி பை என்ற சிறிய, மலிவான கணினி விற்பனைக்கு வந்தபோது, அதற்கான ஃபெடோரா வடிவம் செனெக்காவிலிருந்துதான் வந்தது.

சிறிய சமூகம் என்றால்

மொஸில்லா அளவுக்குப் பெரிய சமூகம்தான் வேண்டும் என்றில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இலங்கையில் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைச் சுற்றியிருந்த தன்னார்வ நிரலாளர்கள் சஹானா என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள், உதவி நிறுவனங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிவு செய்வதற்கு. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரின் ட்ரினிட்டி கல்லூரியில் கணினிப் பேராசிரியர் ரால்ஃப் மொரெல்லியும் மற்றவர்களும் 2006 முதல் தம் மாணவர்களை இந்தச் சஹானாவில் வேலை செய்ய வைத்தார்கள். தன்னார்வலர்களைப் பதிவு செய்து பணிகளுக்கு ஒதுக்கும் பகுதியை மாணவர்கள் எழுதினார்கள். அது சஹானாவின் ஒரு அங்கமாகவே சேர்ந்தது.

சஹானாவில் ஆட்கள் குறைவு, நிரல் பிஹெச்பி என்ற நிரல்மொழியில் இருந்தது, முழுப் படத்தையும் ஒருவர் மனதில் வைத்துக்கொள்ள முடியும். ஆகவே ஒரு மாணவர் குழுவிடம் முழுப் பகுதி ஒன்றையே நம்பி ஒப்படைத்தார்கள். மொஸில்லாவில் அது நடக்காது. ஆனால் மொஸில்லாவில் இருபது வருட அனுபவமுள்ளவர் உங்கள் நிரலை வரிவரியாகப் படிப்பார். சின்னச் சமூகத்தில் அதற்கு ஆள் இருக்க மாட்டார். மாணவர்களின் தரத்தைவிட, அவர்கள் இப்போது எதைக் கற்க வேண்டும் என்பதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி என்று நினைக்கிறேன்.

ஆசிரியர் முதலில்

செனெக்காவைப் பார்த்து மற்றக் கல்லூரிகளும் ஆசைப்பட்டபோது, தடையாக இருந்தது மாணவர்கள் இல்லை. ஆசிரியர்களுக்கே ஐ.ஆர்.சி.யும் பேட்ச்சும் ரிவ்யூவும் பழக்கமில்லை. ஆகவே 2009-ல் ரெட் ஹேட் என்ற திறமூல மென்பொருள் நிறுவனம், செனெக்கா ஆசிரியர்களின் அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டு, பேராசிரியர்களுக்கென்றே பாஸி என்ற ஒரு வாரப் பயிலரங்கைத் தொடங்கியது. பேராசிரியர்கள் தாமே உட்கார்ந்து வழு தேடி, அரட்டையில் கேள்வி கேட்டு, நிரல் கட்டியெழுப்பத் திணறிப் பழகினார்கள். பிற்பாடு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு அது பல வருடம் நடந்தது.

வகுப்பில் தனக்கே விடை தெரியாத கேள்வியோடு நிற்பது ஆசிரியர்களுக்கு எளிதில்லை, அதுவும் "தெரியாது" என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று வளர்ந்த நம் ஊர் ஆசிரியர்களுக்கு. ஃபயர்ஃபாக்ஸ் முழுவதும் தெரிந்த மனிதர் உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆகவே இந்தப் பாடத்தில் ஆசிரியர் செய்யக்கூடியது, தெரியாததை எப்படித் தேடுவது, யாரிடம் கேட்பது என்று மாணவர் கண்ணெதிரே செய்து காட்டுவதுதான்.

அப்படி ஒருவர் நடுவில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 2020 அக்டோபரில் எல்லாரும் பார்த்தோம். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில், திறமூலத் திட்டங்கள் தம் நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் நான்கு பங்களிப்பு அனுப்பினால் டி-ஷர்ட். திட்டங்களின் முன்னுரைக் கோப்பில் "அருமையான புராஜெக்ட்" என்பது போல ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிய கோரிக்கைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. எப்படி அனுப்புவது என்று காட்டிய ஓர் இந்திய யூடியூப் காணொளிக்கும் அதில் பங்கிருந்தது. பராமரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் நடத்தியவர்கள், விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியை மாற்றினார்கள். அந்த இளைஞர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எண்ணிக்கை கேட்டார்கள், எண்ணிக்கை கொடுத்தார்கள். அந்தக் கோப்பை யார் பராமரிக்கிறார், அவருக்கு என்ன தேவை என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பாடத்திட்டம் எழுதும் வேலையை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். ஒரே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், நீங்கள் தினமும் பயன்படுத்துவதாக இருந்தால் நல்லது. ஒரு வழுவை எடுங்கள், பேட்ச் அனுப்புங்கள், வரும் குறிப்புகளுக்குப் பதில் எழுதித் திருத்துங்கள். அங்கே இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு உங்கள் பெயர் பழக வேண்டும். பிறகு அவர்களிடமே கேளுங்கள்: அடுத்த செமஸ்டர் எட்டு மாணவர்களோடு வரலாமா, உங்களிடம் தள்ளிப்போன வேலை என்னென்ன இருக்கிறது என்று. வேண்டாம் என்று சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு வேறு திட்டத்தைப் பாருங்கள். வாருங்கள் என்று சொன்னால், முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்கு உங்கள் பேட்ச்சைத் திறந்து, அதன் கீழே இருக்கும் குறிப்புகள் எல்லாவற்றையும் அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள்.